சப்ரஸரை யார் பெயரில் வாங்குவது? தனிநபர், டிரஸ்ட், எல்.எல்.சி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் முதல் சப்ரஸர் (சுடும் சத்தத்தைக் குறைக்கத் துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தும் கருவி) வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கடைக்குப் போகிறார்கள், மாடலைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கார்டைத் தேய்க்கிறார்கள். அப்புறம்தான் டீலர் கேட்கிறார்: "உங்கள் பெயரிலா, டிரஸ்ட் பெயரிலா?" கவுண்டரில் நின்றபடி அரை நிமிடத்தில் சொல்லும் அந்தப் பதிலை மாற்ற, பிறகு முழு விண்ணப்பத்தையும் இன்னொரு முறை போட வேண்டியிருக்கும்.

டெக்சாஸில் இந்த வேலையை எனக்காகச் செய்து முடித்து, பிறகு நண்பர்கள் சிலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். வக்கீல் இல்லை. என்.எஃப்.ஏ. (சப்ரஸர் போன்றவற்றை மத்திய அரசிடம் பதியச் சொல்லும் துப்பாக்கிச் சட்டம்) தெரிந்த வக்கீலிடம் போவதற்கு முன் உங்கள் தரப்பில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் இது. பேச்சு முழுக்கச் சப்ரஸரைப் பற்றித்தான். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ரைஃபிளுக்கு விதி மாறும் இடங்களில் மட்டும் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

1. முதலில் ஒரு பட்டியல்: நீங்கள் இல்லாதபோது யார் கையில் இருக்கும்?

பெயரைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு தாளில் ஆட்களை எழுதுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது அந்தச் சப்ரஸரை எடுக்கக்கூடியவர் யார் யார்? மனைவியா, வளர்ந்த மகனா, சேர்ந்து பன்றி வேட்டைக்குப் போகும் நண்பரா? ஒருவரும் இல்லையென்றால் "ஒருவரும் இல்லை" என்றே எழுதுங்கள்.

மத்திய அரசின் சட்டப்படி சப்ரஸர் வெறும் உதிரி பாகம் இல்லை, அதுவே ஒரு துப்பாக்கி. தனிநபர் பெயரில் பதிவானால் அந்த ஒருவர்தான் அதை வைத்திருக்கலாம். நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது நண்பர் சுட்டுப் பார்ப்பது வேறு, நீங்கள் இல்லாமல் அவர் காரில் எடுத்துப் போவது வேறு. கையில் தொட வேண்டும் என்றுகூட இல்லை. பெட்டகத்தின் எண் தெரிந்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிகிற நிலையில் இருந்தாலே, வைத்திருந்ததாக வாதாட இடம் உண்டு. பதிவில்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை.

"என் மனைவி அதைத் தொடவே மாட்டாள்" என்று ஒரு நண்பர் சொன்னார். பெட்டகத்தின் எண் அவர்களுடைய கல்யாண நாள். பட்டியலில் மனைவியை எழுதச் சொன்னேன்.

2. பட்டியலில் இருந்து யாரை நீக்க வேண்டும்?

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அதனால் இதை மெதுவாகப் படியுங்கள்.

துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவருக்குச் சப்ரஸருக்கும் அதே தடை. டிரஸ்டில் (சொத்தைச் சிலர் பொறுப்பில் வைக்கும் ஆவணம், அந்தப் பொறுப்பாளர்தான் டிரஸ்டி, விவரம் நான்காம் படியில்) சேர்த்தால் தடை விலகிவிடாது. குற்றத் தண்டனை, குடும்ப வன்முறை வழக்கு என்று பட்டியல் நீளம். நம் வீடுகளில் அடிக்கடி குறுக்கே வருவது விசா.

நான்-இமிக்ரண்ட் விசாவில், அதாவது தற்காலிகமாகத் தங்கும் விசாவில், அமெரிக்காவுக்குள் வந்தவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வேலைக்கான எச்1பி, அவர்கள் துணைவருக்கான எச்4, மாணவர்களின் எஃப்1, பெற்றோர் வரும் பி2 எல்லாம் இதில் அடங்கும். செல்லுபடியாகும் மாநில வேட்டை லைசன்ஸ் போன்ற சில விலக்குகள் சட்டத்தில் உண்டு. ஆனால் அதை நம்பி ஒருவரை டிரஸ்டியாகப் போடுவதற்கு முன் வக்கீலிடம் கேட்காமல் நகராதீர்கள். விலக்குக்கு ஆதாரம் காட்ட வேண்டும், லைசன்ஸ் காலாவதியானால் விலக்கும் போய்விடும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

வழக்கமாக நடப்பது இதுதான். கணவருக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, மனைவி இன்னும் எச்4. "குடும்ப டிரஸ்ட்தானே" என்று இருவரையும் டிரஸ்டியாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அவருக்குக் கிரீன் கார்டு கையில் வரும்வரை டிரஸ்டியாகவும் வேண்டாம், பெட்டகத்தின் எண்ணும் வேண்டாம். ஊரிலிருந்து மாமனார் மாமியார் ஆறு மாதம் தங்க வந்தாலும் அதே கவனம்தான்.

இன்னொன்று கஞ்சா. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் மத்திய அரசின் படிவம் அதைத் தனியாகக் கேட்கிறது. பொய்யாகப் பதில் எழுதுவது தனிக் குற்றம்.

3. மாநிலத்தைப் பாருங்கள்

கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய 8 மாநிலங்களில் பொதுமக்கள் சப்ரஸர் வைத்திருக்க முடியாது. மற்ற 42 மாநிலங்களில் முடியும். பட்டியலில் உள்ள ஒருவர் நியூஜெர்சியில் இருந்தால், அவர் டிரஸ்டியாக இருந்தாலும் அங்கே கொண்டுபோக முடியாது. அப்படிப்பட்டவரைச் சேர்ப்பதில் என்ன பயன் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

"எங்கள் மாநிலத்திலேயே செய்தது, மத்திய அரசின் பதிவு தேவையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கான்சாஸ் மாநிலம் 2013இல் அப்படி ஒரு சட்டம் போட்டது. அதை நம்பிய இருவர் மத்திய நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள், மேல்முறையீட்டிலும் அது நின்றது. டெக்சாஸ் 2021இல் போட்ட சட்டத்தைக் காட்டியும் இதே பேச்சைத் துப்பாக்கிச் சந்தைகளில் கேட்டிருக்கிறேன்.

4. இப்போது வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

தனிநபர். பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் இதுவே போதும். ஆவணம் எதுவும் எழுத வேண்டாம், ஒருவருடைய கைரேகை, ஒருவருடைய படம், அவ்வளவுதான். சரிபார்க்க ஓர் ஆள் மட்டுமே என்பதால் தாமதமாகவும் காரணம் குறைவு. தனியாக வாழ்பவருக்கு "டிரஸ்ட்தான் நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

டிரஸ்ட். நம் ஊரில் டிரஸ்ட் என்றால் கோயிலோ கல்லூரியோ நடத்தும் அறக்கட்டளை ஞாபகத்துக்கு வரும். இது அது இல்லை. ஒருவர் தன் சொத்தைச் சில ஆட்களின் பொறுப்பில் வைப்பதாக எழுதும் தனிப்பட்ட ஆவணம். உருவாக்குபவர், டிரஸ்டி, பயனாளி என்று மூன்று இடங்கள் உண்டு. பெரும்பாலும் உருவாக்குபவரே முதல் டிரஸ்டியாகவும் இருப்பார். டிரஸ்டிகள் ஒவ்வொருவரும் மற்றவர் இல்லாமலே சப்ரஸரை வைத்திருக்கலாம், எடுத்துப் போகலாம். ஆண்டுக் கட்டணம் கிடையாது. பட்டியலில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

எல்.எல்.சி. அல்லது கம்பெனி. சுடுதளம், வேட்டைச் சுற்றுலா, பயிற்சி வகுப்பு என்று உண்மையிலேயே தொழில் இருந்தால் மட்டும். டெக்சாஸில் எல்.எல்.சி. பதிவுக்கே 300 டாலர். அதற்கு மேல் ஒவ்வொரு ஆண்டும் மே 15க்குள் மாநிலத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அதை மறந்தால் கம்பெனியின் உரிமைகள் பறிபோகலாம், அப்போது அதன் பெயரில் உள்ள சப்ரஸரின் நிலை குழப்பமாகிவிடும். கம்பெனியை மூடுவதாக இருந்தால், மூடும் முன்பே சப்ரஸரை முறைப்படி வேறு பெயருக்கு மாற்றியாக வேண்டும். சொந்த உபயோகத்துக்காக எல்.எல்.சி. தொடங்குவது, ஒரு கிலோ அரிசி வாங்க மளிகைக் கடையே வைப்பது மாதிரி.

"நானே டீலர் லைசன்ஸ் எடுத்துவிட்டால்?" என்றும் கேட்பார்கள். அந்த லைசன்ஸ் வியாபாரம் செய்பவருக்கு. சொந்தச் சேகரிப்புக்காக எடுப்பது அதன் நோக்கத்துக்கே விரோதம்.

ஏன் இந்த முடிவை வாங்கும் முன்பே எடுக்க வேண்டும்? உங்கள் பெயரில் பதிவானதை உங்களுடைய டிரஸ்டுக்கே மாற்றினாலும் சட்டப்படி அது ஒரு கைமாற்றம். புது ஃபார்ம் 4 (கைமாற்றத்துக்கான விண்ணப்பப் படிவம்), புதுக் கைரேகை, புதுக் காத்திருப்பு. முன்பு இதற்கு இன்னொரு 200 டாலர் வரியும் போகும். 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் அந்த வரி 0 ஆகிவிட்டது. இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகருவி வகைக்கும் 200 அப்படியே இருக்கிறது. வரிதான் போனதே தவிர பதிவு போகவில்லை. வரி இல்லையென்றால் படிவமும் இல்லை என்று நினைத்த ஒருவரை டீலரே திருத்த வேண்டியிருந்தது.

5. டிரஸ்ட் ஆவணம் எழுதுதல்

இணையத்தில் ஆயத்த டிரஸ்ட் படிவங்கள் கிடைக்கின்றன. வீடு, வங்கிக் கணக்குக்காக எழுதிய சாதாரண குடும்ப டிரஸ்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் டிரஸ்டி சொத்தை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம் என்று இருக்கும். சப்ரஸர் விஷயத்தில் அந்த ஒரு வரியே டிரஸ்டியைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

உங்கள் ஆவணத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். டிரஸ்டியைச் சேர்ப்பதும் நீக்குவதும் எப்படி என்ற வழி. ஒரு டிரஸ்டிக்குச் சட்டத் தடை வந்தால் அந்த நிமிடமே அவர் பொறுப்பு தானாக முடியும் என்ற வரி. விவாகரத்து நடக்கும்போது இதன் அருமை தெரியும். நீங்கள் இறந்தால் அடுத்த டிரஸ்டி யார் என்பது. பயனாளி யார் என்பது. பயனாளியாகச் சின்னக் குழந்தையைக்கூடப் போடலாம், ஏனென்றால் பயனாளி என்பதால் மட்டும் வைத்திருக்கும் உரிமை வந்துவிடாது. பலர் இதைப் புரிந்துகொள்ளாமல், பயனாளி மகனிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

டிரஸ்டில் ஏதாவது சொத்து இருக்க வேண்டும். வழக்கமாக 10 டாலர் போட்டு, சொத்துப் பட்டியலில் அதை எழுதுவார்கள். இன்னும் ஒப்புதல் வராத சப்ரஸரை அந்தப் பட்டியலில் எழுதிவிடாதீர்கள். அது இன்னும் டிரஸ்டின் சொத்து இல்லை.

நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் மாநிலம் கேட்காவிட்டாலும் தேதிக்கு அது சாட்சி. அந்தத் தேதி ஃபார்ம் 4 தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பிறக்காத டிரஸ்ட் விண்ணப்பம் போட முடியாது. சனிக்கிழமை கடையில் படிவத்தை நிரப்பிவிட்டு, திங்கட்கிழமை டிரஸ்டில் கையெழுத்துப் போட்டவரின் விண்ணப்பம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

6. பெயர்கள்: நம்மவர்களுக்கான தனித் தலைவலி

டிரஸ்டின் பெயரைச் சின்னதாக வையுங்கள். தாத்தா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்து நீளமாக வைக்க ஆசையாக இருக்கும். ஆனால் எல்லாப் படிவத்திலும் அதே பெயரை ஓர் எழுத்து பிசகாமல் எழுத வேண்டும். பின்னால் ஃபார்ம் 1 போட்டு நீங்களே ஒரு குட்டைக் குழல் ரைஃபிளை உருவாக்கினால், தயாரித்தவர் என்ற இடத்தில் டிரஸ்டின் பெயரையும் ஊரையும் மாநிலத்தையும் உலோகத்தில் செதுக்க வேண்டும். ஆழம் குறைந்தது 0.003 அங்குலம். எழுத்துக் கணக்கில் காசு வாங்கும் செதுக்குபவரிடம் போனால் சின்னப் பெயரின் அருமை புரியும்.

அடுத்தது உங்கள் பெயர். இனிஷியலோடு வளர்ந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, கிரீன் கார்டில் வேறு மாதிரி இருக்கும். அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும், இல்லையென்றால் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு." (முதல் பெயர் தெரியவில்லை) என்று நிற்கும். டிரஸ்ட் ஆவணத்தில் "கே. முருகன்", உரிமத்தில் "முருகன் கந்தசாமி", கைரேகை அட்டையில் "கந்தசாமி முருகன்" என்றால் பார்க்கிற அதிகாரிக்கு மூன்று ஆள். அரசு கொடுத்த அடையாள அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். குடியுரிமை வாங்கும்போது பெயரை மாற்றப் போகிறீர்களா? முடிந்தால் அது முடிந்த பிறகு டிரஸ்ட் எழுதுங்கள்.

7. விண்ணப்பம்

டீலரிடமிருந்து வாங்க ஃபார்ம் 4. வெளி மாநிலத்தில் வாங்கினால், முதலில் அது டீலருக்கு டீலர் மாற்றும் ஃபார்ம் 3 வழியாக உங்கள் மாநில டீலருக்கு வரும், பிறகுதான் உங்களுக்கு ஃபார்ம் 4. டீலரிடம் வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

டிரஸ்ட் என்றால், அதை நிர்வகிக்கவும் பொருளை வைத்திருக்கவும் அதிகாரம் உள்ள ஒவ்வொருவரும் பொறுப்புள்ள நபர் என்று கணக்கு. உருவாக்குபவர், டிரஸ்டிகள் எல்லோரும் இதில் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபார்ம் 23 கேள்விப்படிவம், கைரேகை, கடந்த ஓராண்டுக்குள் எடுத்த 2க்கு 2 அங்குலப் படம் வேண்டும். தாளில் அனுப்பினால் எஃப்.டி. 258 என்ற கைரேகை அட்டை இரண்டு, இணையவழி என்றால் மின்கோப்பு. ஐந்து டிரஸ்டி என்றால் ஐந்து பேருடையதும் சரியாக இருந்தால்தான் விண்ணப்பம் நகரும். ஒருவர் ஃபீனிக்ஸில், ஒருவர் அட்லாண்டாவில் என்றால் கைரேகைக்கே ஒரு மாதம் ஓடிவிடும்.

"டிரஸ்ட் என்றால் கைரேகை வேண்டாம்" என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். 2016 ஜூலை 13க்கு முன் அது உண்மை. அன்றிலிருந்து இல்லை.

அதே தேதியில் உள்ளூர் போலீஸ் அதிகாரியின் கையெழுத்து வாங்கும் கட்டாயமும் போனது. ஆனால் நகல் அனுப்பும் கடமை வந்தது. விண்ணப்ப நகலை உங்கள் பகுதி ஷெரிஃப் அல்லது போலீஸ் தலைவருக்கு அனுப்ப வேண்டும். டிரஸ்டிகள் ஒவ்வொருவரும் தங்கள் ஃபார்ம் 23 நகலைத் தங்கள் பகுதி அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பதில் வராது, வரவும் வேண்டாம். தபால் ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

டிரஸ்ட் ஆவணத்தை இணைக்கும்போது பின்னிணைப்பு, திருத்தம், சொத்துப் பட்டியல் எல்லாவற்றையும் சேருங்கள். நான் பார்த்த விண்ணப்பங்களில் அதிகம் திரும்பி வந்தது, கையெழுத்துப் பக்கமே விடுபட்டதால். அடுத்த 24 மாதங்களுக்குள் இன்னொன்று வாங்கி, ஆவணத்தில் மாற்றம் இல்லையென்றால், முழு ஆவணத்தையும் மறுபடி கொடுக்காமல் மாற்றமில்லை என்று உறுதி எழுதிக் கொடுக்கலாம். கைரேகையும் படமும் மறுபடி வேண்டும்.

ஆளைக் குறைத்து விண்ணப்பம் போட்டு, ஒப்புதல் வந்த பிறகு மற்ற டிரஸ்டிகளைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம். அப்போது ஏ.டி.எஃபுக்கு (இந்த விண்ணப்பங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் துறை) புதிதாகப் படிவம் போட வேண்டியதில்லை. அடுத்த விண்ணப்பத்தில் அவர்களும் கைரேகையோடு வர வேண்டும். நானும் இப்படித்தான் செய்தேன். ஆனால் அரசு சரிபார்க்காத ஆளை நீங்கள் சேர்க்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். இரண்டாம் படியில் சொன்ன கேள்விகளை அவரிடம் நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். மச்சானிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் அவரைச் சேர்க்காதீர்கள்.

8. ஒப்புதல் வந்த பிறகு

டீலரிடம் பொருளை வாங்கப் போகிறவர், ஒப்புதலான விண்ணப்பத்தில் பெயர் உள்ள டிரஸ்டியாக இருக்கட்டும். அங்கே 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். விண்ணப்பத்தில் சரிபார்க்கப்படாதவர் போனால் கடையில் பின்னணிச் சோதனை தனியாக நடக்கும், வீண் தாமதம்.

வீட்டுக்கு வந்ததும் சொத்துப் பட்டியலில் வரிசை எண்ணோடு சேருங்கள். ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்றைத் துப்பாக்கிப் பையிலும், ஒன்றைக் கைபேசியிலும் வையுங்கள். டிரஸ்டிகள் ஒவ்வொருவரிடமும் தாங்கள் டிரஸ்டி என்று காட்டும் பக்கத்தின் நகல் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் போலீஸ் நிறுத்தினால் "இது எங்கள் மாமா டிரஸ்டில் இருக்கிறது" என்று வாயால் சொன்னால் போதாது.

9. வீடு மாறும்போது, பிரியும்போது, இறக்கும்போது

வேறு மாநிலத்துக்குச் சப்ரஸரைக் கொண்டுபோக ஏ.டி.எஃபின் முன்அனுமதி தேவையில்லை. போகிற மாநிலம் அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். குட்டைக் குழல் ரைஃபிளுக்கு அப்படியில்லை. இரண்டு நாள் வேட்டைக்கு எல்லை தாண்டினாலும், அதற்கு அனுமதி கேட்கும் ஃபார்ம் 20 முன்கூட்டியே ஒப்புதலாகியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பொருத்தியிருந்தால் ரைஃபிளின் விதிதான் உங்களைக் கட்டும்.

டிரஸ்டி பிரிந்து போனால் திருத்தம் எழுதி, கையெழுத்திட்டு, பெட்டகத்தின் எண்ணையும் அன்றே மாற்றுங்கள். தாளில் நீக்கிவிட்டுச் சாவியை அவரிடமே விட்டுவைத்தவர்கள் உண்டு.

உரிமையாளர் இறந்தால், தனிநபர் பெயரானாலும் டிரஸ்டானாலும் வாரிசுக்கு ஃபார்ம் 5 வழியாக வரியில்லாமல் மாற்றலாம். தனிநபர் என்றால் உயில் நிறைவேற்றுபவர் அதுவரை பொறுப்பில் வைத்திருப்பார், வாரிசு கையில் முன்னதாகக் கொடுக்கக் கூடாது. டிரஸ்ட் என்றால் அடுத்த டிரஸ்டி அப்படியே தொடர்வார், வீட்டில் உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில் இது பெரிய ஆறுதல். வாரிசு கலிஃபோர்னியாவில் இருந்தாலோ எச்1பியில் இருந்தாலோ அவருக்கு மாற்ற முடியாமல் போகலாம். அந்த நிலையில் விற்றுப் பணமாகக் கொடுக்க டிரஸ்டிக்கு அதிகாரம் உண்டு என்று ஆவணத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். என்னுடைய டிரஸ்டில் முதல் முறை அது விடுபட்டுப்போய், பின்னால் திருத்தம் எழுதிச் சேர்த்தேன்.